நெறி எடுத்த கையில் நான் போட்ட வளையல்

சோப்பு நுரையில் என் விரல்கள் வழுக்கின. நாத்தனார் பத்மாவின் இடது கையை என் மடிமேல் வைத்து, ஐந்து விரல்களையும் ஒன்றாகக் குவித்துப் பிடித்துக்கொண்டு, பச்சைக் கண்ணாடி வளையல் ஒன்றை அழுத்திக்கொண்டிருந்தேன். கட்டைவிரல் மூட்டைத் தாண்ட அது மறுத்தது.

"அண்ணி, பேடா அண்ணி" என்றாள் பத்மா மெதுவாக. மைசூரிலேயே பிறந்து வளர்ந்த எங்களுக்கு 'வேண்டாம்' என்பதற்கு முன்னால் 'பேடா'தான் வாயில் வரும். நான் காதில் விழாத மாதிரி சிரித்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் அழுத்தினேன்.

டக்கென்று ஒரு சத்தம். வளையல் மூன்று நான்கு துண்டுகளாக என் மடியில் கிடந்தது. பத்மாவின் கட்டைவிரலுக்குக் கீழே, மேடான சதையில், மெல்லிய கோடாக ரத்தம் எட்டிப் பார்த்தது.

என் மகள் நித்யாவின் வளைகாப்பு அது. அவளுக்கு ஏழாம் மாதம். எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு சின்ன மண்டபம். மல்லிகையும் புளியோதரையும் கலந்த வாசனை. எதிரே கொள்ளேகாலிலிருந்து வந்திருந்த சம்பந்தி வீட்டுப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லார் பார்வையும் என் மடியில்.

வளையல்கார அம்மாதான் முதலில் சுதாரித்தாள். "ஹெச்சித்து தாயி, ஒள்ளேதே" என்றாள். பெருகியது தாயே, நல்லதுதான் என்று அர்த்தம். எங்கள் ஊரில் வளையல் உடைந்தது என்று யாரும் சொல்லிவிட மாட்டார்கள். அதுவும் ஒரு பிள்ளைத்தாய்ச்சியின் வளைகாப்பில் அந்த வார்த்தை வாயில் வரவே கூடாது. பெருகியது என்றுதான் சொல்ல வேண்டும். நானும் "பெருகிடுச்சு, பெருகிடுச்சு" என்று சிரித்துக்கொண்டே துண்டுகளை முந்தானையில் வாரி மறைத்தேன். ரத்தம் யார் கண்ணிலும் படும் முன்னால் பத்மாவின் கையில் என் கைக்குட்டையைச் சுற்றிவிட்டேன்.

முப்பது வருடத்துக்கு மேல் பள்ளியில் உயிரியல் சொல்லிக்கொடுத்தவள் நான். அந்தக் கையில் வளையல் ஏற்றக் கூடாது என்று அந்த மண்டபத்தில் தெரிந்தவர்கள் மூன்றே பேர். ஒருத்தி பத்மா. இன்னொருவர் வாசலில் பந்தியைக் கவனித்துக்கொண்டிருந்த என் கணவர். மூன்றாவது ஆள் நான்.

பத்திரிகையில் நான் எழுதும் இந்தத் தொடரைப் படிக்கும் வாசகி ஒருவர் எழுதியிருந்தார்: 'டீச்சர், உங்கள் கதைகளில் எப்போதும் மற்றவர்கள்தான் தப்பு செய்கிறார்கள்.' நல்ல குத்து. அந்தக் கடிதம் சில வாரமாக என் மேஜையிலேயே கிடக்கிறது. அதற்குப் பதில்தான் இந்த வாரம்.

முள் குத்தியது பாதத்தில், வலி தொடையில்

பாடம் நடத்தும்போது எனக்கு ஒரு தந்திரம் உண்டு. பாடத்தின் பெயரைக் கரும்பலகையில் எழுத மாட்டேன். கேள்வியோடு ஆரம்பிப்பேன்.

"கால்ல முள் குத்தினா தொடை இடுக்குல ஏன் வலிக்குது?"

வகுப்பு முழுக்கச் சிரிப்பு பரவும். தொடை இடுக்கு என்று டீச்சர் வாயாலேயே சொல்லிவிட்டாளே என்று பின் பெஞ்சுக்காரர்களுக்கு அன்று முழுக்கக் கொண்டாட்டம். ஆனால் யாராவது ஒரு பெண் கை தூக்கி, "நெறி கட்டும் மிஸ்" என்பாள். செருப்பில்லாமல் வயலில் நடக்கும் வீட்டுப் பெண்ணாக இருப்பாள். எனக்கு வேண்டியது அந்த வார்த்தைதான்.

அதற்குப் பிறகுதான் படம் வரைவேன். ஒரு மனித உருவம். ரத்தக் குழாய்க்குச் சிவப்பு சாக்பீஸ், நிணநீர்க் குழாய்க்குப் பச்சை. ரத்தத்தை ஓட்ட இதயம் இருக்கிறது. நிணநீருக்கு அப்படி ஒரு மோட்டார் கிடையாது. நாம் நடந்தால், கையை மடக்கி நீட்டினால், மூச்சை இழுத்துவிட்டால் அது மெல்ல நகரும். திசுக்களின் இடுக்கில் கசிந்து தேங்கும் நீரை எல்லாம் சேர்த்துக்கொண்டு மேலே மேலே போய், கடைசியில் கழுத்துக்குக் கீழே ரத்தத்தில் கலந்துவிடும்.

போகிற வழியில் கழுத்து, அக்குள், தொடை இடுக்கு என்று அங்கங்கே அவரை விதை அளவில் கணுக்கள். அந்தக் கணுக்களுக்குள் வெள்ளை அணுக்கள் காத்துக்கொண்டிருக்கும். முள்ளோடு உள்ளே வந்த கிருமி நிணநீரோடு மிதந்து அங்கே போய்ச் சேரும். அங்கே அதை அடையாளம் பார்த்து, அதற்கென்று படை பெருக்கி, அடிக்கும். அந்த மும்முரத்தில் கணு வீங்குகிறது. அதைத்தான் நாம் நெறி கட்டியிருக்கிறது என்கிறோம். "நெறி கட்டினா பயப்படாதீங்க, உள்ள வேலை நடக்குதுன்னு அர்த்தம்" என்று முடிப்பேன்.

ஒவ்வொரு வருடமும் யாராவது ஒரு பிள்ளை கேட்கும்: "அந்தக் கணுவே இல்லைன்னா மிஸ்?"

"அப்ப ரொம்பக் கஷ்டம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். அதற்கு மேல் பாடத்திட்டத்தில் இல்லை.

பட்டாணி அளவில் ஒன்று

பத்மா என் கணவரின் தங்கை. வித்யாரண்யபுரத்தில் இருக்கிறாள். ஜாக்கெட் தைப்பதில் கெட்டிக்காரி. அளவு ஜாக்கெட் கொடுக்க மறந்து போனால்கூடத் திரும்பி வர வேண்டாம், ஒரு முறை ஆளைப் பார்த்தாலே போதும் என்பாள். கணவருக்கு நஞ்சன்கூடு பக்கம் ஒரு ஃபேக்டரியில் ஷிஃப்ட் வேலை. பிள்ளை இல்லை. நித்யாவைத் தன் பெண்ணாகத்தான் பார்த்தாள். நித்யாவின் பாவாடை சட்டையிலிருந்து கல்யாண ஜாக்கெட் வரை பத்மா தைத்ததுதான்.

நித்யாவுக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியிருந்த சமயம். ஒரு நாள் பத்மா என்னைச் சமையலறைக்குள் இழுத்துப்போய், இடது மார்பில் ஒரு இடத்தைக் காட்டி, "பட்டாணி மாதிரி ஏதோ இருக்கு அண்ணி, வலிகூட இல்லை" என்றாள். நான்தான் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அந்த அளவுக்கு நான் சரியாகத்தான் இருந்தேன். இதையும் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் இதற்குப் பிறகு என்னைப் பற்றி நல்லதாக எழுத ஒன்றும் இல்லை.

புற்றுநோய்தான். ஆபரேஷன் செய்தார்கள். கணுக்களிலும் பரவியிருந்ததால் அக்குளில் இருந்த நெறிகளையும் எடுத்துவிட்டார்கள். மருந்து, கதிர் சிகிச்சை எல்லாம் முடிந்து பத்மா பிழைத்துக்கொண்டாள். முடி மறுபடி சுருட்டையாக முளைத்தது.

வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் ஒரு தாளைக் கையில் கொடுத்தார். அந்தக் கையில் ஊசி போடக் கூடாது, ரத்த அழுத்தம் பார்க்கக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, இறுக்கமாக எதையும் அணியக் கூடாது, சின்னக் கீறல்கூடப் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கன்னடத்தில் இருந்த அந்தத் தாளைப் பத்மாவே படித்துக்கொள்வாள். ஆனாலும் நான் டீச்சராயிற்றே. ஒவ்வொரு வரியாக விளக்கினேன். நீர் வடிய வழி குறைந்துவிட்டதால் கை வீங்கும், காவலுக்கு ஆளும் குறைந்துவிட்டதால் அங்கே நுழைகிற கிருமி சுலபமாக ஊரெல்லாம் பரவும் என்றேன். பத்மா அன்றிலிருந்து கை முழுக்க, தோல் நிறத்தில், ஒரு எலாஸ்டிக் உறை போட்டுக்கொண்டாள். விரலில் ஊசி குத்தாமல் இருக்க உலோகத் தொப்பி மாட்டிக்கொண்டு தைத்தாள்.

கொள்ளேகால் சம்பந்தம் வந்தது அதற்குப் பிறகு. விவசாயக் குடும்பம், மஞ்சளும் கரும்பும். பையன் மைசூரில் வேலை. நல்ல மனிதர்கள். எனக்குத் தூக்கம் போயிற்று. பையனைப் பெற்றவர்கள் விசாரிப்பார்கள். பெண்ணின் அத்தைக்குப் புற்று என்று தெரிந்தால் என்ன நினைப்பார்கள்? எல்லாருக்கும் ரத்த வழி வருவதில்லை, சில வகைதான் அப்படி வரும், டாக்டரைக் கேட்டால் தெளிவாகச் சொல்லுவார். இதை மற்றவர்களுக்கு நான் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். என் பெண் என்று வந்ததும் அத்தனையும் எனக்கே மறந்துபோனது.

பத்மாவிடம் போனேன். "கல்யாணம் முடியற வரைக்கும் வெளியில சொல்ல வேண்டாம் பத்மா. கை என்னன்னு யாராச்சும் கேட்டா நரம்பு பிடிச்சிருக்குன்னு சொல்லிடு."

"நித்யாவுக்காகத்தானே? சரி அண்ணி" என்றாள். அத்தைக்கு வந்த நோய் மட்டும் நித்யாவுக்குத் தெரியும், கையைப் பற்றித் தெரியாது; அவளையும் வெளியில் சொல்ல வேண்டாம் என்று கட்டுப்படுத்தினேன். கல்யாணம் முடிந்தது. பிறகு, தலை தீபாவளி முடியட்டும் என்றேன். அதற்குப் பிறகு, குழந்தை பிறக்கட்டும் என்றேன். என்னிடம் தேதிக்குப் பஞ்சமே இல்லை.

ஒற்றைக் கை

வளைகாப்பு அன்று காலை, கணவர் ஷிஃப்டுக்குப் போய்விட்டதால் பத்மா தனியாக மண்டபத்துக்குள் நுழைந்ததும் முதலில் என் கண் போனது அந்த எலாஸ்டிக் உறைமேல்தான். மயில் கழுத்து நிறத்தில் பட்டுப் புடவை, அதற்கு அழகாக முழங்கை வரை ஜாக்கெட், அதற்குக் கீழே கட்டுப் போட்ட மாதிரி அந்த உறை.

"இன்னிக்கு ஒரு நாள் கழட்டி வெச்சிடேன். எல்லாரும் கேப்பாங்க."

"வீங்கிக்கும் அண்ணி."

"ரெண்டு மணி நேரம்தானே? ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோ."

கழற்றி, மடித்து, கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

நித்யாவுக்கு வளையல் அடுக்கி, சந்தனம் பூசி, ஆரத்தி எடுத்து எல்லாம் முடிந்தது. பிறகு வந்திருக்கும் பெண்கள் எல்லாரும் வளையல் போட்டுக்கொள்வது வழக்கம். யாரும் வெறுங்கையோடு போகக் கூடாது. பத்மாவின் முறை வந்தபோது வலது கையை நீட்டினாள். இடது கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். வலது கையில் ஆறு வளையல் ஏறியதும் எழுந்திருக்கப் பார்த்தாள்.

"அதென்னுங்க அம்மிணி, ஒத்தக் கைல மட்டும்?" என்றார் சம்பந்தி அம்மா. கேலியோ குத்தலோ இல்லை. கொங்குப் பக்கத்துப் பேச்சு அது, யாரையும் மரியாதையோடு கட்டிப் போட்டுவிடும். "ஒத்தக் கைல போட்டுக்கறது ஆகாதுங்க. புள்ளைக்கு நல்லதுங்க, அந்தக் கையையும் நீட்டுங்க."

பத்மா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்கு நன்றாகத் தெரியும். நீங்க ஏதாவது சொல்லுங்க அண்ணி என்று அர்த்தம்.

நான் தட்டில் இருந்த வளையல்களை அடுக்கத் தொடங்கினேன். பத்மா வேறு வழியில்லாமல் கையை வெளியே எடுத்தாள். வளையல்கார அம்மா அதைப் பிடித்துப் பார்த்து, உடனே கீழே வைத்துவிட்டாள். "பேடா தாயி, ஈ கை ஊதிதே" என்றாள். வேண்டாம் தாயே, இந்தக் கை வீங்கியிருக்கிறது. பெரிய அளவு நாளைக்குக் கொண்டுவந்து தருகிறேன் என்றும் சொன்னாள். பள்ளிக்கூடம் போயிருப்பாளோ என்னவோ. ஆனால் கையைத் தொட்டதுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

வரிசையில் இருந்த பெண்கள் பத்மாவின் கையையே பார்க்கத் தொடங்கினார்கள். ஒருத்தி அடுத்தவள் காதில் ஏதோ கேட்டாள்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லை, வெயில்ல வந்ததுல கொஞ்சம் உப்பியிருக்கு. குடுங்க, நானே போட்டுவிடறேன்" என்று சோப்பைக் கையில் எடுத்தேன்.

மீதியை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

சிவப்பு, சூடு, வீக்கம், வலி

மறுநாள் காலை பத்மா வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பினாள். கட்டைவிரலின் அடியில் காயம், அதைச் சுற்றிச் சிவப்பு. கீழே ஒரே வரி: 'சுடுது அண்ணி.'

சிவப்பு, சூடு, வீக்கம், வலி. அழற்சிக்கு நான்கு அடையாளம் என்று பிள்ளைகளை ராகம் போட்டுச் சொல்லவைத்து மனப்பாடம் செய்ய வைத்தவள் நான். காயம் பட்ட இடத்துக்கு உடம்பு ரத்தத்தைக் கூடுதலாக அனுப்புகிறது, அதனால்தான் சிவப்பு, அதனால்தான் சூடு. குழாய்ச் சுவர் தளர்ந்து நீரும் வெள்ளை அணுக்களும் வெளியே வருகின்றன, அதனால்தான் வீக்கம். மற்றவர்களுக்கு அந்த நீர் வடிந்துவிடும். பத்மாவுக்கு வடிய வழியில்லை. போட்டோவைப் பார்த்ததுமே எனக்கு இவ்வளவும் ஞாபகம் வந்தது.

சம்பந்தி வீட்டார் அப்போது என் கூடத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு நாள் தங்கிப் போவதாக ஏற்பாடு. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். அங்கிருந்து பதில் அனுப்பினேன்: 'மஞ்சள் தடவு. சாயங்காலம் வரேன்.'

சாயங்காலம் நான் போகவில்லை. சம்பந்தி அம்மாவைக் கடைத்தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

அதற்கு மறுநாள் காலை பத்மாவின் கணவர் போன் செய்தார். குரலே சரியில்லை. "அக்கா, பல்லு கிட்டுது, உடம்பு தூக்கித் தூக்கிப் போடுது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"கீரை நறுக்கும்போது"

நான் போய்ச் சேர்ந்தபோது பத்மாவைக் கட்டிலில் படுக்க வைத்திருந்தார்கள். இடது கை முழங்கை வரை உப்பி, தோல் பளபளவென்று இருந்தது. உள் முழங்கையைத் தாண்டி மேலே சிவப்புக் கோடு ஒன்று ஓடியிருந்தது. கரும்பலகையில் நான் பச்சை சாக்பீஸால் இழுக்கும் கோடு போகிற அதே பாதை. எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை.

நித்யாவும் கூட வந்திருந்தாள். எவ்வளவு சொல்லியும் கேட்காமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு கட்டிலோரம் நின்றாள்.

டாக்டர் பெண்மணி. அவருடன் பயிற்சி டாக்டர்கள் நான்கைந்து பேர். பழைய ஆபரேஷன் தாளைப் புரட்டிவிட்டு, "எப்படி ஆச்சு இந்தக் காயம்?" என்று கன்னடத்தில் கேட்டார்.

பத்மா நித்யாவின் வயிற்றைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "கீரை நறுக்கும்போது கத்தி பட்டுடுச்சு" என்றாள்.

டாக்டர் அவளைத் திட்டினார். இந்தக் கையை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லித்தானே அனுப்பினோம், படித்தவர் யாரும் வீட்டில் இல்லையா, அந்த உறையைக் கழற்றச் சொன்னது யார் என்று பயிற்சி டாக்டர்கள் முன்னால் பொரிந்து தள்ளினார். பத்மா கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். நான் கட்டிலின் கால்மாட்டில், கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன்.

அன்று பேசாததற்கு எனக்கே நான் ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். கத்தியோ கண்ணாடியோ, மருந்து ஒன்றுதானே என்று. அது பொய். நித்யா அங்கே இருந்தாள். தன் வளைகாப்பில் உடைந்த வளையலால்தான் அத்தை இப்படிக் கிடக்கிறாள் என்று அவளுக்குத் தெரியக் கூடாது. அவள் மாமியாருக்குப் புற்று விஷயமே தெரியக் கூடாது. சகுனத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை என்று ஊருக்கெல்லாம் சொல்லுவேன். ஆனால் உடைந்தது என்ற அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சம்பந்தி அம்மாவிடம் "பத்மாவுக்கு விஷக் காய்ச்சல்" என்றேன். பாவம், அவர் ஊருக்குப் போவதைத் தள்ளிப்போட்டார்.

வலது கையில் மருந்து ஏறிக்கொண்டே இருந்தது. முதல் நாள் காய்ச்சல் இறங்கவில்லை. இரண்டாம் நாளும் இறங்கவில்லை. மருந்தை மாற்றினார்கள். சிவப்பு, அதன் எல்லையைக் குறிக்க டாக்டர்கள் தோல்மேல் பேனாவால் போட்ட கோட்டைத் தாண்டிப் போயிற்று. அதற்குப் பக்கத்தில் புதுக்கோடு போட்டார்கள். நான் தினமும் காலையில் போய் அந்தக் கோட்டைத்தான் பார்ப்பேன். பத்மாவின் முகத்தைப் பார்ப்பதில்லை.

நான் சொன்னது

மூன்றாம் நாள் காலை சம்பந்தி அம்மா பிளாஸ்கில் அரிசிக் கஞ்சி வைத்து எடுத்துக்கொண்டு என்னோடு வந்துவிட்டார். வர வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். "காச்சக்காரிக்கு நம்ம கையால கஞ்சி குடுக்காம ஊருக்கு எப்பிடிங்க போறது" என்றார்.

நாங்கள் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் டாக்டர் வந்தார். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் இறுகியது. "இவ்வளவு மருந்து போட்டும் அடங்கவில்லை. ரத்தத்தில் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. உள்ளே ஏதோ இருக்கிற மாதிரி இருக்கிறது" என்று கன்னடத்தில் சொல்லிவிட்டுக் கேட்டார்: "நிஜமாகவே கத்திதானா?"

பத்மா காய்ச்சல் மயக்கத்தில் இருந்தாள். அவள் சொல்லப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். மயக்கம் தெளிந்தாலும் சொல்ல மாட்டாள்.

சம்பந்தி அம்மா கஞ்சியை டம்ளரில் ஊற்றிக்கொண்டிருந்தார். கொள்ளேகால்காரருக்குக் கன்னடம் தண்ணி பட்ட பாடு. நான் எந்த மொழியில் சொன்னாலும் அவருக்குப் புரியும்.

எழுந்து நின்றேன். பள்ளியில் தலைமையாசிரியர் முன்னால் நிற்கும் பிள்ளை மாதிரி.

"கத்தி இல்லை டாக்டர். கண்ணாடி வளையல். ஒடெது ஹோயித்து."

உடைந்துபோயிற்று. சொல்லிவிட்டேன்.

"அவள் வேண்டாம் என்றாள். நான்தான் அழுத்திப் போட்டேன். அந்த உறையையும் நான்தான் கழற்றச் சொன்னேன். நெறி எடுத்த கை என்று எனக்குத் தெரியும்."

டாக்டர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் திட்டவில்லை. "இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே" என்று மட்டும் சொல்லிவிட்டு, எக்ஸ்ரேக்கு எழுதிவிட்டுப் போனார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

எக்ஸ்ரேயில் தெரிந்தது. அன்று மதியமே காயத்தைத் திறந்து எடுத்தார்கள். அரிசி நொய் அளவில் ஒரு பச்சைச் சில்லு. அதை வெளியே தள்ள முடியாமல், அதைச் சுற்றி வெள்ளை அணுக்கள் குவிந்து, செத்து, சீழாகி, மறுபடி குவிந்துகொண்டிருந்திருக்கின்றன. அத்தனை நாளும் அவள் உடம்பு தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது.

பத்மாவை ஆபரேஷன் அறைக்குக் கொண்டுபோன பிறகு நானும் சம்பந்தி அம்மாவும் தாழ்வார பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பினாயில் நாற்றம். ஆறிப்போன கஞ்சி எங்கள் நடுவில். அவர்தான் முதலில் கேட்டார்.

"நெறி எடுத்த கைன்னா, புத்துங்களா?"

"ஆமாங்க. கல்யாணத்துக்கு முன்னாடியே. உங்ககிட்ட மறைச்சிட்டேன்."

அவர் யோசித்தார். "சொல்லியிருந்தீங்கன்னா பொண்ணு வேண்டாம்னு இருந்திருப்பமான்னு எனக்கே தெரியலீங்க. இருந்திருப்பமோ என்னமோ. பொய் சொல்ல மாட்டனுங்க." பிளாஸ்கின் மூடியை மெல்லத் திருகினார். "அந்தக் கையையும் நீட்டுங்கன்னு சொன்னது நாந்தானுங்க. எனக்கு ஒண்ணுந் தெரியாதுங்க. தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பனுங்களா? நீங்க டீச்சருங்களே, உங்களுக்குத் தெரியுமுங்களே."

நான் ஆறிப்போன கஞ்சியைக் கொட்டிவிட்டு டம்ளரைக் கழுவி வந்தேன்.

அன்றே நித்யாவிடமும் சொன்னேன். அழுதாள். பிறகு இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் வருவாள், தட்டைப் பார்த்துச் சாப்பிடுவாள், எழுந்து போவாள். குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. பெண். சம்பந்தி அம்மா எதையும் மனதில் வைத்துக்கொள்ளவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் இப்போதெல்லாம் நான் ஏதாவது சொன்னால், பக்கத்தில் இருக்கும் நித்யாவை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் தலையாட்டுகிறார்.

யார் இந்தக் கமலா?

பத்மா பிழைத்துவிட்டாள். கைதான் பழைய அளவுக்குத் திரும்பவில்லை. ஒவ்வொரு முறை இப்படி அழற்சி வரும்போதும் மிச்சம் இருக்கிற மெல்லிய நிணநீர்க் குழாய்களும் கெட்டுப்போகும் என்றார்கள். முன்பு உறை மட்டும் போதும். இப்போது தினமும் காலையில் அரை மணி நேரம் பட்டித் துணி சுற்றிக் கட்ட வேண்டும். அரை மணிக்கு மேல் மெஷினில் உட்கார்ந்தால் கை கனத்துப்போகிறது. ஜாக்கெட் தைப்பதை விட்டுவிட்டாள். வாடிக்கைக்காரர்கள் வந்தால் பக்கத்துத் தெருவுக்குக் கைகாட்டி அனுப்புகிறாள். அந்த நேரம் நான் அங்கே இருந்துவிட்டால் பாத்ரூம் போகிற மாதிரி உள்ளே போய்விடுவேன்.

இந்த அத்தியாயத்தை எழுதி முடித்துவிட்டு, பத்திரிகைக்கு அனுப்பும் முன்னால் அவளிடம் படித்துக் காட்டப் போனேன். பத்மா கன்னடப் பள்ளியில் படித்தவள். தமிழ் பேசுவாள், படிக்க வராது. கையைத் தலையணைமேல் உயர்த்தி வைத்துக்கொண்டு கேட்டாள். நடுவில் ஒரு முறை சிரித்தாள், தொடை இடுக்கு வந்த இடத்தில்.

முழுவதும் படித்து முடித்ததும் கேட்டாள்.

"யாரு அண்ணி இந்தக் கமலா?"

"நீதான் பத்மா. பேரை மாத்திட்டேன். கையையும் வலது கைன்னு மாத்தியிருக்கேன். உனக்குச் சங்கடமா இருக்கக் கூடாதுன்னு."

"எனக்கா, உங்களுக்கா?"

நான் காகிதங்களை மடித்தேன்.

"கல்யாணத்துக்கு ஒளிச்சு வெச்சீங்க. வளைகாப்புக்கு ஒளிச்சு வெச்சீங்க. ஆஸ்பத்திரில நானே ஒளிச்சேன். இதுலயும் ஒளியணுமா?" குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. "பத்மாவதின்னு போடுங்க. எடது கைன்னு போடுங்க. வித்யாரண்யபுரம்னும் போடுங்க. தெரிஞ்சவங்க படிக்கட்டும். என் கை ஏன் இப்படி இருக்குன்னு கேக்கறவங்களுக்கு நரம்பு பிடிச்சிருக்குன்னு சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப்போச்சு."

வீட்டுக்கு வந்து ஒவ்வொரு கமலாவாக அடித்து, மேலே பத்மா என்று எழுதினேன். ஒவ்வொரு வலதையும் இடதாக மாற்றினேன். எல்லாம் திருத்தி முடித்து முதல் பக்கத்துக்கு வந்தபோது, தலைப்புக்குக் கீழே இருந்த புனைபெயர் கண்ணில் பட்டது. இத்தனை மாதங்களாக இந்தத் தொடரை நான் இன்னொரு பெயரில்தான் எழுதி வருகிறேன். வாசகர்களுக்கு நான் வெறும் டீச்சர்.

அவள் பெயர் பத்மாவதி. அந்த வளையலை அழுத்திப் போட்டவள் பெயர் விஜயலட்சுமி.